ஸ்டீயரிங் கனத்த மூன்று மாதங்கள்

"அப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு காடி ஓட்டப் போறீங்க?"

கடந்த தீபாவளியன்று நீ என்னைக் கேட்ட கேள்வி இது. சாப்பாடு முடிந்து வாசலுக்கு வந்தாய். காரின் இடப்பக்கக் கதவில் இருந்த நீளமான கீறலை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய். "பசார்ல நிப்பாட்டியிருந்தேன், எவனோ ஒரசிட்டுப் போயிட்டான்லா" என்றேன். நீ தலையாட்டினாய். நம்பினாயா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது பொய், தம்பி. எவனும் உரசவில்லை. உன் அம்மாவை முழங்கால் பயிற்சிக்கு அழைத்துப் போகும் மையத்தில், கார் நிறுத்துமிடத்துத் தூணில் நானே கொண்டுபோய் உரசினேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் மற்றவர் பிள்ளைகளை நிற்கவைத்து, உண்மையைச் சொன்னால் பாதித் தண்டனைதான் என்று சொல்லி வந்தவன் நான். என் முறை வந்தபோது அரை நொடியில் ஒரு பசாரையும் ஓர் ஆளையும் உருவாக்கிவிட்டேன்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பலமுறை படித்தேன். பள்ளி விடுமுறைக்கு ஜொகூரிலிருந்து வருவதாகவும், காரை வாங்க ஒருவர் இருப்பதாகவும், அதன்பிறகு அம்மாவின் பயிற்சிக்கு வாடகைக் கார் ஏற்பாடு செய்துவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசினால் எனக்குக் கோபம் முந்தும், உனக்கு மௌனம் முந்தும். அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு படியைப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டியும் கார்ச் சாவியைச் சட்டைப்பையைவிட்டு வெளியே எடுக்காத அப்பாக்கள் ஈப்போவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் மகன்கள் இருக்கிறார்கள்.

கதை ஆயுத பூசையில் தொடங்குகிறது. வழக்கம்போலக் காரைக் கழுவி, முன்புறம் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பூசணிக்குள் உன் அம்மா எவ்வளவு குங்குமம் போடுவாள் என்பது உனக்குத் தெரியும். சிமெண்டுத் தரை முழுக்கச் சிவப்பு. மறுநாள் கழுவினாள். அதற்கடுத்த நாளும் காரின் முன்பக்கத்துக்குக் கீழே சிவப்பாக இரண்டு மூன்று சொட்டுகள் இருந்தன. பூசணிச் சாறு தரையில் ஊறியிருக்கிறது, போகப்போகப் போய்விடும் என்று நினைத்துச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தாள். பிறகு அது அவளுடைய காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பெருக்குவாள், தண்ணீர் தெளிப்பாள், சிவப்பைத் தேய்ப்பாள், சின்னதாகக் கோலம் போடுவாள். முழங்கால் மடங்காததால் நீளக் குச்சி கட்டிய தூரிகையால், நின்றபடியே தேய்ப்பாள். நான் எழுந்து காப்பியுடன் வாசலுக்கு வருவதற்குள் தரை பளிச்சென்று இருக்கும். சுத்தமான வீடு என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அந்த நாட்களில்தான் ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கியது. ஒரே நாளில் அல்ல. நெடுஞ்சாலையில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்துமிடத்தில், முச்சந்தியில், மெதுவாகத் திருப்பும்போதுதான் கனம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தோள்பட்டை போய்விட்டது என்று நினைத்தேன். இத்தனை வருடம் வலக்கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதிய தோள், இனி அது எதற்கு உழைக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். குளித்தபின் தைலம் தேய்த்தேன். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் கொசு பறப்பதுபோல ஒரு மெல்லிய ரீங்காரமும் கேட்டது. அதை என் காதில் வரும் சத்தம் என்று முடிவு செய்தேன். என் வயதில் காது இரைவது சகஜம் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். கையும் காதும் சேர்ந்து கைவிடுகின்றன, முதுமை வந்துவிட்டது, அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்.

தூணில் உரசியது அப்போது. நிறுத்துமிடத்தின் குறுகலான திருப்பத்தில் முழுபலத்தோடு இழுத்தும் வண்டி பாதிதான் திரும்பியது. உன் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். கதவு தூணில் கீச்சிட்ட சத்தம் அடங்கியபின், "பரவால்ல, தூணுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள். நான் சிரிக்கவில்லை. பத்து நாள் கழித்துத் தீபாவளி. நீ வந்தாய், கேட்டாய். என் மனதில் நானே எழுதி வைத்திருந்த தீர்ப்பை நீ வாசித்ததுபோல இருந்தது. அதனால்தான் பொய் சொன்னேன்.

தீபாவளிக்குப் பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகக் காரைவிட்டு விலகினேன். சுங்காயில் இருக்கும் உன் பெரியம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை போவோம் அல்லவா, அதை நிறுத்தினேன். நெடுஞ்சாலையில் வேலை நடக்கிறது, நெரிசல் என்றேன். பயிற்சிக்கு வாடகைக் கார் கூப்பிட்டேன். உன் அம்மாவுக்கு அந்நியர் காரில் ஏறி இறங்கக் கூச்சம். இறங்குவதற்கு நேரமாகும், ஓட்டுநர் முகம் சுளிப்பார். இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினாள். நானும் வற்புறுத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போக வேண்டியது ஒன்றானது, பிறகு அதுவும் இல்லாமல் போனது. டிசம்பர் கடைசியில் போனபோது, பயிற்சி கொடுக்கும் பெண் உன் அம்மாவின் காலை மடக்கிப் பார்த்து, முன்பு மடங்கிய அளவுகூட இப்போது மடங்கவில்லை, இப்படியே விட்டால் இறுகிவிடும் என்றார். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. யாரால் வந்தது என்று எனக்குப் புரிய அதுவே போதும். இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளும் தவறுகளில் கீறல் சின்னது. இதுதான் பெரியது.

கண்டுபிடித்தவள் அவளே. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, பெரிய கோலத்துக்காகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பியுடன் வந்தேன். குச்சியை ஊன்றி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "ஆயுத பூச முடிஞ்சு மூணு மாசம் ஆவுது. இன்னும் கசியுதுன்னா அது என்னங்க குங்குமம்?"

குனிந்து விரலால் தொட்டேன். வழுக்கியது. முகர்ந்தேன். எண்ணெய். காரின் மூடியைத் திறந்து பார்த்தால், ஓரத்தில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கொஞ்சம் சிவப்பு எண்ணெய், மேலே நுரை. வாங்கிய நாளிலிருந்து நான் அந்தக் குப்பியை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அது ஸ்டீயரிங்குக்கு உதவும் எண்ணெய். உனக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். வகுப்பில் கனமான மேசையை இரண்டு பேர் தூக்குவார்கள். ஒரு முனை நம் கையில், மறுமுனை இந்த எண்ணெயின் கையில். இயந்திரத்தோடு சுழலும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது, அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. எண்ணெய் குறைந்தால் மறுமுனைக்காரன் கையை விட்டுவிடுகிறான். மேசை முழுவதும் நம் கையில். பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுவதால் கொசுச் சத்தம். தோளும் இல்லை, காதும் இல்லை. நின்ற இடத்திலேயே நான் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது என்று உன் அம்மா சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இதோடு நான் புத்திசாலியாகிவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்து நான் செய்தது இன்னொரு தவறு. கடைக்குப் போய் ஒரு போத்தல் சிவப்பு எண்ணெயும், ஒழுகலை நிறுத்தும் என்று எழுதியிருந்த ஒரு மருந்துப் போத்தலும் வாங்கி வந்து இரண்டையும் ஊற்றினேன். ஸ்டீயரிங் பூவாகத் திரும்பியது. வெற்றி என்று சுங்காய்க்குத் தேதி குறித்தேன். எட்டாவது நாள் மறுபடி கனம், மறுபடி கொசு. மறுபடி ஊற்றினேன். எண்ணெய் ஏன் குறைகிறது என்று கேட்காமல், குறைந்ததை நிரப்பிக்கொண்டே இருந்தேன். நீ ஐந்தாம் ஆண்டு படித்தபோது தினமும் பள்ளிக்குத் தாமதமாக வந்தாய், நினைவிருக்கிறதா? கட்டொழுங்கு ஆசிரியர் நான்தான். வீட்டிலிருந்து உன்னை முன்கூட்டியே அனுப்பினேன், வாசலில் நிற்கவைத்தேன், சபைகூடலில் பெயர் வாசித்தேன். ஒவ்வொரு தண்டனைக்குப் பிறகும் நீ இரண்டு நாள் நேரத்துக்கு வருவாய், பிறகு பழையபடி. ஒரு சனிக்கிழமை காலணியைக் கழுவும்போது உன் அம்மா பார்த்தாள். விரல் நுனி வரும் இடத்தில் பிளேடால் துணியை அறுத்திருந்தாய், வெளியே தெரியாமல் வெள்ளைச் சாயம் பூசி மறைத்திருந்தாய். காலணி ஓர் அளவு சின்னதாகிப் பல மாதம் ஆகியிருந்தது. உன்னால் வேகமாக நடக்க முடியவில்லை. புதுக் காலணி வாங்கிய திங்கட்கிழமை எனக்கு முன்னால் நீ பள்ளியில் இருந்தாய். அதற்காக நான் உன்னிடம் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இரண்டாவது முறை எண்ணெய் தீர்ந்தபோது மணியத்தைக் கூப்பிட்டேன். புந்தோங்கில் பட்டறை வைத்திருப்பவர், ஒருகாலத்தில் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதிருக்கும். வண்டியை ஓட்டி வரவேண்டாம், நானே வாரேன் என்று சாமான் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். நான் சும்மா இருக்கவில்லை. முந்தின இரவே என் பழைய பெட்டியிலிருந்து மாஜோங் தாள் ஒன்றை எடுத்து, அதுதான் நாங்கள் பள்ளியில் படம் வரைந்து சுவரில் ஒட்டும் பெரிய வெள்ளைத் தாள், காருக்கு அடியில் விரித்து, சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். காலையில் இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே, வலப்பக்கமாகச் சிவப்பு வட்டம். அதற்கு நேர்மேலே இருப்பது சக்கரங்களைத் திருப்பும் நீளத் தண்டு. ஆகவே தண்டுதான் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று தாளைக் காட்டி மணியத்துக்குப் பாடம் நடத்தினேன். அவர் தாளைப் பொறுமையாகப் பார்த்தார்.

"படம் நல்லா இருக்கு வாத்தியாரே. ஆனா சொட்டுற எடம் வேற, ஒழுகுற எடம் வேற. எண்ணெக்கு நடக்கத் தெரியும்லா."

முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. துடைத்தார். குப்பி, குழாய்கள், பம்பு, தண்டு எல்லாவற்றையும் துணியும் தூரிகையும் கொண்டு காயும்வரை துடைத்தார். அழுக்கின்மேல் எதையும் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே ஈரமாகத் தெரியும் என்றார். தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் உறைகளை அமுக்கிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் தண்டின் குற்றம். தேங்கவில்லை. பிறகு குப்பியில் எண்ணெய் நிரப்பிவிட்டு, இயந்திரம் ஓடும்போது ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும் என்றார். நான் பார்க்க ஆசைப்பட்டேன். திருப்ப ஆள் இல்லை. உன் அம்மா கைத்தடியை வாசலில் சாத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று மணியம் கேட்டார்.

"முப்பத்தெட்டு வருஷமா பக்கத்துல உக்காந்து இவருக்கு வழி சொல்றேன். திருப்பத் தெரியாதா?"

கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று மணியம் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். உன் அம்மா இடம், வலம் என்று திருப்பினாள். கடைசிவரை திருப்பி அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காதீங்க, உடனே விட்டுவிடுங்க, பம்புக்கு ஆகாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கையை, பம்பைச் சுழற்றும் பெல்ட் வாரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். சின்னக் கண்ணாடி ஒன்றையும் கைவிளக்கையும் இயந்திரத்தின் பின்பக்கம் நுழைத்து, என்னைக் குனியச் சொன்னார். கண்ணாடிக்குள், நான் சந்தேகிக்கவே இல்லாத உயரத்தில், எண்ணெய் குப்பிக்குத் திரும்பி வரும் ரப்பர் குழாயை இரும்பு வளையம் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில், மெல்லிய ஈரக்கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்தாகத் திரண்டு, கீழே இருந்த இரும்புக் குழாய்மேல் இறங்கி, அதன்வழியே ஒரு முழம் நடந்து, தண்டின்மேல் வந்து சொட்டியது.

குழாயைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மடக்கினேன், வெடிப்புகள் வாயைத் திறந்தன. இயந்திரச் சூட்டில் பதினேழு வருடம் வெந்த ரப்பர். என் அப்பாவும் அம்மாவும் சுங்காய்த் தோட்டத்தில் பால்மரம் சீவி என்னைப் படிக்கவைத்தார்கள். ரப்பர் சூட்டில் இறுகும், இறுகினால் வெடிக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காரில் ஒன்று இறுகியபோது நான் சந்தேகப்பட்டது என்னை. தோட்டக்குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போடலாமா என்று கேட்டேன். தண்ணீர்க் குழாய் இந்த எண்ணெயில் ஊறி உப்பிவிடும், இதற்கென்றே உள்ள குழாய்தான் வேண்டும் என்றார். நான் ஊற்றிய மருந்தைப் பற்றியும் சொன்னேன். ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து நாலு நாள் ஏமாற்றும், வெடித்த குழாயை அது ஒட்டாது என்றார். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பம்பு தேய்ந்துவிடும், எண்ணெய் சூடான புகைக்குழாய்மேல் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும் என்று அவர் சொன்னது, உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்டிய நாட்களை நினைக்கவைத்தது.

புதுக் குழாயும் புது வளையங்களும் போட்டார். மருந்து கலந்த பழைய எண்ணெயை முழுவதும் வடித்தார். பிறகு முன்சக்கரங்களைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிடாமலே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் பலமுறை திருப்பச் சொன்னார். உன் அம்மாதான் திருப்பினாள். நான் குப்பியைப் பார்த்து எண்ணெய் குறையக் குறைய ஊற்றினேன். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன, பிறகு குறைந்தன, பிறகு நின்றன. அதன்பிறகே இயந்திரத்தை ஓடவிட்டார். சத்தம் இல்லை. உன் அம்மா ஒரு விரலால் திருப்பிக் காட்டினாள். அன்றிரவு விரித்த தாள் காலையில் வெள்ளையாகவே இருந்தது.

இங்கே கடிதத்தை முடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குற்றம் காரில், அப்பா சுத்தம், சாவி என்னிடமே இருக்கட்டும் என்று எழுதியிருப்பேன். ஆனால் மறுநாள் உன் அம்மாவைப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். அதே திருப்பம், அதே தூண். ஸ்டீயரிங் இலகுவாகத் திரும்பியது, ஆனாலும் தூணுக்கு நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன். இடப்பக்கம் திரும்பிப் பார்க்கும்போது என் கழுத்து முழுவதும் திரும்பவில்லை. தூண் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. முதலில் எல்லாவற்றையும் முதுமையின்மேல் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் ஒரு குழாயின்மேல் போடப் பார்த்தேன். இரண்டும் துடைக்காமல் சொன்ன தீர்ப்பு. கண் மருத்துவரிடம் போனேன். இடக்கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, பகலில் ஓட்டலாம், இரவில் வேண்டாம் என்றார். அன்றிலிருந்து இருட்டிலும் பெருமழையிலும் ஓட்டுவதில்லை. பயிற்சியைப் பழையபடி வாரம் இருமுறை ஆக்கிவிட்டோம். உன் அம்மாவின் கால் மெதுவாக இளகுகிறது.

மிச்சத்தை என்னால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. ஓட்டுகிறவன் தன் ஓட்டத்தைத் தானே பார்க்க முடியாது. உன் அம்மா பார்ப்பாள், ஆனால் அவளுக்கு என்மேல் பிரியம் அதிகம், சுங்காய்மேல் அதைவிட அதிகம். அதனால் அவள் சாட்சி செல்லாது. நீயோ காரின் கதவைப் பார்த்திருக்கிறாய். நான் ஓட்டுவதை நீ பார்த்து ஐந்து வருடம் இருக்கும். நீ வரும்போதெல்லாம் சாவியை நீயே வாங்கிக்கொள்வாய். அது அன்பு என்று எனக்குத் தெரியும். அதனாலேயே உனக்கு என் ஓட்டம் தெரியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் தெரியாத ஒன்றுக்கு இன்னும் விலை பேசாதே. நீ பார்த்துவிட்டு, அப்பா, போதும் என்று சொன்னால், அங்கேயே இறங்கிச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். தூண்மேல் பழி போட மாட்டேன்.

அதனால் விடுமுறைக்கு வரும்போது வாங்குபவரை அழைத்து வராதே. காலை ஒன்பது மணிக்கு என் இடப்பக்கத்து இருக்கையில் உட்கார், கைப்பேசியைப் பைக்குள் போடு, சுங்காய் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் நான் ஓட்டுவதை மட்டும் பார்.